எங்கள் மாரத்தான்

எங்கள் அத்தானுக்குத் தூரமும் நேரமும் ஒரே கணக்குதான். வீட்டிலிருந்து மாதா கோயில் மூன்று மூச்சு, தோணித்துறை ஏழு மூச்சு. சாமியாரின் பிரசங்கம் நாற்பது மூச்சைத் தாண்டினால் எழுந்து வெளியே போய்விடுவார். அக்கா உலை வைத்துச் சோறு வடிக்க எத்தனை மூச்சு ஆகிறது என்றும் ஒரு கணக்கு வைத்திருந்தார். அதை வாய் தவறி அவளிடமே சொல்லி ஒருநாள் அகப்பையால் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவர் சங்கு குளிக்கிறவர். கடலடியில் மணலைத் தடவிச் சங்கு பொறுக்கிக்கொண்டு வருகிற வேலை. முத்துக்குளிப்பு எப்போதோ ஒரு வருஷம் வாய்த்தால் உண்டு. மற்ற வருஷமெல்லாம் சங்குதான் எங்களுக்குச் சோறு. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அக்காள் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகாதவன், எழுதும்போது மட்டும் சொல்வானேன்?

தண்ணீருக்குள் மூச்சைப் பிடிக்கிறவர்கள் எங்கள் தெருவில் எத்தனையோ பேர். அத்தான் கரையிலும் பிடிப்பார். ஊசியில் நூல் கோக்க வேண்டுமா, தண்ணீர்ப் பானையை இறக்க வேண்டுமா, ரேஷன் கடைக் கிளார்க்கிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா, முதலில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து வாயைப் பூட்டிக்கொள்வார். காரியம் முடிந்த பிறகுதான் பூட்டு திறக்கும். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் சாமியார், இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அத்தான் பெரிதாக ஒரு மூச்சை இழுத்தார். அவ்வளவுதான். சாமியார் மறுபடியும் கேட்டார். அக்கா முக்காட்டுக்குள்ளிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பின்னாலிருந்து முதுகில் ஒரு குத்து விட்டேன். "சம்மதம்" என்ற சொல் கோயில் வாசல் வரைக்கும் கேட்டது.

"என் தம்பி குத்தலன்னா நான் கன்னியாஸ்திரியா போயிருப்பேன்" என்று அக்கா பல வருஷம் அதைச் சொல்லிக் காட்டினாள்.

ரகசியமும் அவரிடம் அப்படித்தான். ஒன்றைச் சொன்னால் வெளியே மூச்சு விட மாட்டார். எதிர்வீட்டுக்காரர் சீட்டாட்டத்தில் கல்யாண மோதிரத்தைத் தோற்றது அத்தானுக்குத் தெரியும். அந்த வீட்டு அம்மாள் மோதிரத்தைக் காணோம் என்று எங்கள் கோழிக்கூடு வரைக்கும் வந்து கிளறினாள். அத்தானும் குனிந்து நின்று கூடவே தேடினார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன்.

எங்கள் தொழிலில் கயிறு பிடிப்பது என்று ஒன்று உண்டு. முங்குகிறவன் காலில் ஒரு கல்லைக் கோத்துக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில் இருக்கும். மூச்சு முடியும் நேரத்தில் கீழேயிருந்து கயிற்றை ஒரு வெட்டு வெட்டுவான். மேலே இருப்பவன் இழுத்துவிடுவான். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்களே, கடலிலும் அதே கதைதான். கயிறு பிடிப்பது அநேகமாகப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருப்பான். அவள் தாலி அறுந்துவிடக் கூடாதே என்ற பயம் அவனுக்குத்தானே இருக்கும்.

அத்தானுக்குக் கயிறு பிடித்தவன் நான். கயிறு பிடிக்கிறவனுக்குக் கடிகாரம் கிடையாது, ஜெபம்தான். தலை முங்கியதும் ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள்நிறை மந்திரம். அதைச் சொல்லி முடித்தும் கயிறு அசையவில்லை என்றால் யோசிக்காமல் இழுத்துவிட வேண்டும்.

உலகச் சண்டை முடிந்து துறைமுகத்துக்கு மறுபடியும் கப்பல்கள் வரத் தொடங்கிய சமயம், அத்தானுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு மாதம் படுக்கையில் கிடந்தார். எழுந்து முதல் நாள் தொழிலுக்குப் புறப்பட்டபோது அக்கா என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏலே, காய்ச்சல் கண்ட உடம்பு. கண்ணை அங்கன இங்கன விடாத. கயித்துலயே இரு."

அவள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அத்தான் தலை முங்கியதும் மந்திரத்தை ஆரம்பித்தேன். நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. பரலோகத்தில் ஏறி ஆமென்னில் இறங்கும் வரை ஒரே ஓட்டம். வழக்கமான நேரத்தில் பாதிகூட ஆகியிருக்காது, எல்லாம் முடிந்துவிட்டது. கயிறு அசையவில்லை. இழுத்துவிட்டேன்.

எதிர்பாராமல் இழுபட்ட மனிதர் தண்ணீரைக் குடித்துவிட்டார். வெறுங்கையோடு மேலே வந்து, தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அன்றைக்கு எங்களோடு வந்திருந்தார். எத்தனையோ பேரை முங்கவிட்டுப் பார்த்த மனிதர்.

"உனக்கு மூச்சு போச்சுடே" என்றார். "நாளையிலேருந்து வராத. உன் சாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

அத்தான் என்னைப் பார்த்தார். கீழே தாம் எவ்வளவு நேரம் இருந்தோம் என்பது அவருக்குத் தெரியாதா? 'இவன் முந்தி இழுத்துட்டான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்துத் திரும்பிவிட்டார். நானும் சொல்லவில்லை. சொன்னால் என் இடமும் போகும், ஒரு வீட்டில் இரண்டு பேரும் சும்மா உட்கார முடியாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நியாயம் தேட ஆரம்பித்தாலே ஆள் தப்புப் பண்ணியிருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

அத்தான் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி சுமக்கப் போனார். சுமை தூக்குவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒருவனை மூச்சுப் போனவன் என்று சொல்லிவிட்டால், உயிரோடு இருக்கும்போதே அவன் இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார்கள் என்று பொருள். அவர் இடத்தில் வந்த புது ஆளுக்கு நான் கயிறு பிடித்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அத்தான், "இன்னைக்கு எந்தப் பக்கம் முங்கினீங்க மாப்ளே?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அடி வாங்கியிருக்கலாம்.

அப்போதுதான் ஊருக்கு மாரத்தான் வந்தது. பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் ஒருவரும் சில பெரிய மனிதர்களும் சேர்ந்து நடத்தினார்கள். தோணித்துறையில் கிளம்பி, திருச்செந்தூர் ரோட்டில் உப்பளங்களைத் தாண்டி, ஐந்தாவது மைல் கல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். மாரத்தான் என்றால் இருபத்தாறு மைல் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் ஊர் மாரத்தானுக்குப் பத்து மைல் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அத்தான் நேரே சம்மாட்டி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலில் நின்று மூச்சை இழுத்தார். நான் குத்துவதற்கு முன்னால் அவராகவே வாயைத் திறந்தார்.

"பத்து மைலு ஓடி முடிச்சிட்டா மூச்சு இருக்குன்னு ஒத்துக்கிடுவீங்களா?"

சம்மாட்டி ஆத்தூர் வெற்றிலையை நரம்பு கிள்ளிக்கொண்டே யோசித்தார். "நீ முதலாவதா வர வேண்டாம்டே. நடுவுல நிக்காம முழுசா ஓடி வா. மறுநாள் திங்கக்கிழமை, உன் இடத்துல வந்து உக்காந்துக்கோ. நின்னேன்னு வையி, பெறவு என் தோணிப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

அக்காவுக்கு அந்தப் பெயரே விளங்கவில்லை. "மாமன் மகன் அத்தான் தெரியும், அத்தை மகன் அத்தான் தெரியும். இது யாருலே மாரத்தான்?" என்றாள். பிறகு புருஷன் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பதைப் பார்த்தாள். "சரிதான். மாரு உள்ள அத்தான்" என்றாள். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு அதுவே பெயர் ஆகிவிட்டது.

பந்தயத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் கடற்கரை ரோட்டில் ஓடிப் பார்த்தார். நின்றார். ஒரு கையால் மூக்கைப் பிடித்தார். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு கிளம்பினார் பாருங்கள், நான் சைக்கிளில் எட்ட முடியவில்லை. முந்நூறு கெஜம் போனதும் பொத்தென்று ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அத்தான்?"

"மூச்சு முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சா இன்னொண்ணு இழுக்க வேண்டியதுதான? வழி நெடுக காத்து சும்மாதான கெடக்கு."

"கால் கிளம்புனா வாயி பூட்டிக்கிடுது மாப்ளே. நான் என்ன செய்யட்டும்?"

அவர் உடம்புக்குக் கடலும் ரோடும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஓடு என்றால் முங்கு என்று எடுத்துக்கொண்டது. இருபது நாள் இதே கூத்து. முந்நூறு கெஜத்துக்கு ஒரு மூச்சு என்றால் பத்து மைலுக்கு அறுபது மூச்சு, அறுபது தடவை உட்கார்ந்து எழுந்தால் முடித்துவிடலாம் என்று கணக்குச் சொன்னார். நிற்கக் கூடாது என்பதல்லவா பேச்சு. எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த மனிதரை ரோட்டுக்குத் துரத்தியவனே நான்தானே.

வழியைக் கண்டுபிடித்தது அக்காதான். ஒருநாள் எங்களோடு வந்து, அவர் ஓடுவதையும் உட்காருவதையும் இரண்டு தரம் பார்த்தாள்.

"பேசுத மனுசன் எப்படி மூச்சைப் பிடிப்பான்? பேசிக்கிட்டே ஓடுங்க" என்றாள்.

"என்னத்தப் பேச?" என்று கேட்டார் அத்தான். நியாயமான கேள்விதான். அவரிடம் பேச்சு ஏது?

"கோயில்ல பிரார்த்தனை சொல்லுவோம்லா, அதைச் சொல்லுங்க. தம்பி சைக்கிள்ல பின்னால வந்து பதில் சொல்லட்டும்."

கோயிலில் உபதேசியார் புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொரு பெயருக்கும் சனம் எல்லாம் சேர்ந்து 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று பதில் சொல்லும். அத்தான் ஓடிக்கொண்டே ஆரம்பித்தார். பத்துப் புனிதர்கள் வரை வந்தார்கள். அதற்குமேல் ஒருவரும் வரவில்லை. வாய் மறுபடியும் பூட்டிக்கொள்ளும் நேரத்தில் அவருக்கு மனப்பாடமான வேறு பெயர்கள் வந்து விழுந்தன. கடலுக்கு அடியில் முத்தும் சங்கும் விளைகிற திட்டுகளைப் பார் என்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு.

"தொல்லாயிரம்பாரே" என்றார் அத்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் சொன்னேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"கூத்தாடியார்பாரே."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"குடமுத்துப்பாரே. பாசிப்பாரே. பெர்னாந்துப்பாரே."

நாலு எட்டுக்கு அவர் ஒரு பெயர் சொல்வார். நான் பதில் சொல்கிற நாலு எட்டில் அவருக்கு மூச்சை இழுத்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லை. அன்றைக்கு ஒரு மைல் நிற்காமல் ஓடினார். ஒரு மாதத்தில் உப்பளத்தைத் தாண்டிவிட்டோம். எதிரே வந்த உபதேசியார் ஒருநாள் எங்களை நிறுத்தி, கல்லுக்கும் மணலுக்கும் யாராவது பிரார்த்தனை சொல்வார்களா என்று சத்தம் போட்டார். "புனிதர்மார் பேரு பத்துக்கு மேல எனக்கு வராதுய்யா" என்று அத்தான் பணிவாகச் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் குதித்துக்கொண்டிருந்தார். உப்பு வாருகிற பெண்களுக்கு நாங்கள் தினசரி வேடிக்கை ஆகிவிட்டோம். அவர்களில் கோயிலுக்குப் போகிறவர்கள் யாரும் இல்லை. "ஏளா, மாரத்தான் வாராரு, வேண்டிக்கோ" என்று ஒருத்தி சொல்வாள். மற்றவர்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சிரிப்பார்கள்.

பந்தயம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் தாழ ஆரம்பித்ததும் தோணித்துறையில் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கான்வாஸ் ஷூ போட்ட மில் பையன்கள், ஒரு போலீஸ்காரர், பள்ளிக்கூடப் பையன்கள். அக்கா தைத்துக் கொடுத்த அரைக்கால் டிராயரோடு வெறுங்காலில் அத்தான். டிரில் மாஸ்டர் வந்து, சைக்கிளில் யாரும் கூடப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் சைக்கிளை ஓரமாக நிறுத்தினேன்.

"ரெண்டையும் நானே சொல்லிக்கிடுதேன் மாப்ளே" என்றார் அத்தான்.

விசில் ஊதியது. அவர் கை தானாக மூக்குக்குப் போனது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "எங்கலே முங்கப் போற?" என்று யாரோ கேட்டார்கள். நெஞ்சு நிறைய இழுத்து, வாயைப் பூட்டி, எல்லாரையும் முந்திக்கொண்டு பறந்தார். தெரியாதவர்கள் கைதட்டினார்கள். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெரிய காரியம் என்றதும் மனிதர் பழையபடி முங்கிவிட்டார்.

ரோட்டில்தானே சைக்கிள் கூடாது? உப்பள வரப்புகளின் வழியாகக் குறுக்கே மிதித்தேன். இரண்டாவது மைலில் ரோட்டோரம் போய் நின்றபோது முதல் ஆட்கள் கடந்துகொண்டிருந்தார்கள். அத்தான் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். முகம் கறுத்திருந்தது. மீன் வாயைத் திறப்பது போல ஒரு வாய் காற்றை விழுங்குவார், பூட்டிக்கொள்வார், தள்ளாடுவார். ஓட்டம் நடையாகியிருந்தது. இன்னும் பத்து எட்டில் நின்றுவிடுவார் என்று தெரிந்தது. நின்றால் தோணி போயிற்று, அவர் போனார், அதைச் செய்தவன் நான்.

பெயர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். பதற்றத்தில் ஒரு பாரின் பெயரும் வாயில் வரவில்லை. பழகிய பதில்தான் வந்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கத்தினேன்.

பின்னால் உப்பளத்தில் ஒரு சிரிப்பு. பிறகு அந்தப் பெண்கள் இருபது பேரும் ஒன்றாக, கேலியும் பாசமுமாக, குரலை நீட்டி எடுத்தார்கள். "வேண்டிக்கொள்ளும்." யாரும் பெயர் சொல்லவில்லை, பதில் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. கோயிலில் வளர்ந்த எவனுக்கும் அது பொறுக்காது. அத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தது.

"தொல்லாயிரம்பாரே."

"வேண்டிக்கொள்ளும்."

"கூத்தாடியார்பாரே."

"வேண்டிக்கொள்ளும்."

நாலு பெயரில் முகத்துக்கு ரத்தம் வந்தது. பத்துப் பெயரில் நடை ஓட்டமாகிவிட்டது. என் கண்ணுக்கு மறையும் வரை அந்தப் பெண்கள் விடவில்லை. ஐந்தாவது மைலில் திரும்பி, மறுபடியும் அவர்களைக் கடந்தபோது அவர் இருபது பேரை முந்தியிருந்தார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

நான் வரப்பு வழியாகவே தோணித்துறைக்குத் திரும்பிவிட்டேன். முதல் ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள், எல்லாரும் இளவட்டங்கள். பிறகு கொஞ்ச நேரம் ரோடு வெறுமையாக இருந்தது. ஆளைக் காண்பதற்கு முன்னால் சத்தம் கேட்டது. குடமுத்துப்பாரே என்று ஒரு குரல்; பதிலுக்கு இரண்டு குரல். திருப்பத்தில் வந்தார் அத்தான். அவருக்கு இந்தப் பக்கம் அந்தப் போலீஸ்காரர், அந்தப் பக்கம் ஒரு மில் பையன். ஓட முடியாமல் திணறிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் வழியில் சேர்த்துக்கொண்டு, பதில் சொல்ல வைத்து இழுத்து வந்திருக்கிறார். கரையில் நின்ற தோணிக்காரர்களுக்குப் பார்களின் பெயர் தெரியாதா என்ன? அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே எங்கள் அத்தான் முடிவுக் கோட்டைத் தாண்டி வந்து, நிமிர்ந்து நின்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பெரிய மனிதர்களோடு உட்கார்ந்திருந்த சம்மாட்டி எழுந்து வந்தார்.

"மூச்சு இருக்குடே. ஒத்துக்கிடுதேன்" என்றார். "அப்ப அன்னைக்கு எதுக்கு அப்பிடி இருமுன? என்ன நடந்துது?"

பத்து மைல் வாய் ஓயாமல் வந்த மனிதர் ஒரு மூச்சை இழுத்து வாயைப் பூட்டிக்கொண்டார். அந்த மூடிய வாயைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"நான்தான் சம்மாட்டி" என்றேன். "பயத்துல மந்திரத்தை விரசாச் சொல்லி, முந்தி இழுத்துட்டேன். அவருக்கு அன்னைக்கும் மூச்சு இருந்துது."

அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள். அவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"இத்தனை நாளா வாயில என்னலே வச்சிருந்த?" என்றார் சம்மாட்டி. "இனி என் தோணியில நீ கயித்தைத் தொடக் கூடாது."

சரி என்று தலையை ஆட்டினேன். அது நியாயம்தான். அத்தான் மூச்சை விட்டார்.

"கயிறு யாரு பிடிக்கணும்னு முங்குதவன்லா சொல்லணும்" என்றார்.

அது எங்கள் வழக்கம். உயிர் யாருடையதோ ஆளும் அவனுடையது. அதில் சம்மாட்டிகூட வாய் வைக்க முடியாது.

"அப்ப சொல்லு. யாரு?"

"மாப்ளதான்."

"முந்தி இழுத்தவனையா?"

"பிந்தி இழுக்கலேல்லா சம்மாட்டி" என்றார் அத்தான்.

சம்மாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "நாளைக்கு ரெண்டு பேரும் வெள்ளனே வாங்க" என்று சொல்லிவிட்டுத் தம் நாற்காலிக்குப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று நன்றாகவே அழுதேன். முதலாவதாக வந்த பையனுக்குக் கோப்பையைக் கொடுத்து, மேடைக்குப் பக்கத்தில் கொட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். ஆறாவதாக வந்தவருக்கு யாரும் கொட்டு அடிப்பதில்லை. நாங்கள் மூன்று பேரும் அதை எங்களுக்கு அடித்த கொட்டு என்றே எடுத்துக்கொண்டு, நடு ரோட்டில் வீட்டுக்கு நடந்தோம்.